பூஜ்யத்தால் வகுத்த மாமா

லிங்கேஸ்வரனுக்கு வயது நாற்பத்தாறு, தொழில் மாணவர். சிரிக்க வேண்டாம். நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டோம்.

ரவாங் நகரத் தொழிற்சாலையில் அவர் மேற்பார்வையாளராக இருந்த பகுதியை இழுத்து மூடியபோது, தோட்டத்து எண்ணெய் மில்லில் ஷிப்டு வேலை காலியாகத்தான் இருந்தது. மனுஷன் போகவில்லை. பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். அதுவும் கணினி. முதல் வகுப்புக்கு முதுகில் பை மாட்டிக்கொண்டு கிளம்பிய அன்று எங்கள் வீட்டு வரிசையில் துடைப்பமும் கையுமாக நிற்காத பெண் கிடையாது. அத்தனை வாசலும் ஒரே நேரத்தில் அழுக்காகிவிட்டன.

ஜெரம் போகும் சாலையில், பழைய மூன்றாம் டிவிஷன் தொழிலாளர் லயங்களை இடித்த இடத்தில் கட்டிக்கொடுத்த வீடுகள் இவை. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். கட்டியவன் சிமெண்டில் சிக்கனம் பிடித்ததால் அடுத்த வீட்டில் தாளித்த கடுகு நம் வீட்டில் வெடிக்கும். எனக்கு வலப்பக்கம் லிங்கேஸ்வரனும் அவர் மனைவி குமுதாவும். இடப்பக்கம் திலகாவும் அவள் அம்மாவும். குமுதா, திலகாவின் அப்பாவுக்குத் தங்கை. ஆக, லிங்கேஸ்வரன் திலகாவுக்கு மாமா. நடுவில் நான் குடியிருப்பது ஆண்டவன் செயல்.

திலகாவுக்கு இருபத்தைந்து. ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை. வேலை முடிந்து வந்ததும் இன்னொரு வேலை பார்ப்பாள், அதற்குச் சம்பளம் கிடையாது. உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் கணக்குப் போட உதவும் ஒரு மென்பொருள். இலவசம். அதை எழுதுகிறவர்களும் இலவசம். "சும்மாவாடி இவ்வளவு நேரம் தட்டுற?" என்று ஒருநாள் கேட்டேன். "கோயில் மாதிரிக்கா. யாரு வேணும்னாலும் கும்பிடலாம், யாரு வேணும்னாலும் கூட்டிப் பெருக்கலாம். ஆனா உள்ள போய் சாமியத் தொட ஒரு சில பேருக்குத்தான் உரிமை," என்றாள். அந்த உரிமை அவளுக்கு இருந்தது. மற்றவர்கள் எழுதி அனுப்புவதைச் சரிபார்த்து உள்ளே சேர்க்கும் சாவி அவள் கையில்.

வருடா வருடம் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு வேலை கொடுத்து, ஒரு வழிகாட்டியையும் கொடுத்துச் சில மாதங்கள் எழுத வைப்பார்களாம். பாதியில் ஒரு மதிப்பீடு, முடிவில் ஒரு மதிப்பீடு. தேறினால் சான்றிதழ். அதைக் காட்டினால் கம்பெனிக்காரர்கள் வயதைப் பார்க்காமல் உட்கார வைத்துப் பேசுவார்கள் என்று லிங்கேஸ்வரன் நம்பினார். தேறாவிட்டால் மில். அவர் விண்ணப்பம் போட்டார், தேர்வும் ஆனார். வழிகாட்டி யார் என்றால், திலகா.

திலகா நேர்மையானவள். இவர் என் உறவுக்காரர் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தாள். பரவாயில்லை, மதிப்பீட்டில் இலோனாவும் சேர்ந்து கையெழுத்துப் போடுவாள் என்று பதில் வந்தது. இலோனா ஹங்கேரிக்காரி. அந்த மென்பொருளின் பாதியைக் கட்டியவள்.

"மருமக டீச்சரு, மாமன் ஸ்டூடண்டு. காலம் போற போக்கப் பாருங்க," என்று குமுதா என்னிடம் பெருமையாகத்தான் சொன்னாள்.

ஆனால் அந்த மாமன் சாதாரண மாமன் இல்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குச் செயலாளர். மைக்கைப் பிடித்தால் அவர் சொன்னதுதான் சட்டம். போன ஆடியில் பத்து மணிக் கூழை ஒன்பது மணிக் கூழ் என்று மைக்கில் அறிவித்துவிட்டார். செயலாளர் சொன்னது தப்பு என்று யார் சொல்வது? கமிட்டிக்காரர்கள் பொழுது விடியும் முன்பே எழுந்து ஒன்பதுக்கே காய்ச்சி இறக்கிவிட்டார்கள். தன் வாய் தவறியது அவருக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் ஊரில் பெரியவர்களின் தவறைச் சுட்டிக்காட்ட மாட்டோம். சத்தமில்லாமல் சரிசெய்து வைத்துவிடுவோம். மரியாதை என்று அதற்குப் பெயர்.

திலகாவும் இந்த ஊர்க்காரிதானே?

லிங்கேஸ்வரனுக்குக் கொடுத்த வேலை, சமன்பாடுகளை விரைவாகத் தீர்க்கும் ஒரு பகுதியை எழுதுவது. அவர் கண்ட வழி எளிது. இரண்டு பக்கத்திலும் பொதுவாக இருப்பதை அடித்துவிடு, மிச்சத்தைத் தீர். எக்ஸை எக்ஸால் பெருக்கினால் மூன்று எக்ஸ் வருகிறது, எக்ஸ் என்ன? இரு பக்கமும் ஓர் எக்ஸை அடித்தால் விடை மூன்று. படு வேகம். ஆனால் பூஜ்யத்தைப் போட்டுப் பார்த்தாலும் இரு பக்கமும் சரியாகத்தான் வரும். அதுவும் ஒரு விடை. எக்ஸே பூஜ்யமாக இருக்கலாம் என்கிறபோது அதால் வகுப்பது கூடாது என்று இடைநிலைப் பள்ளியிலேயே காதைத் திருகிச் சொல்லிக் கொடுப்பார்களாம். மாமா அடித்த வேகத்தில் அந்த விடை காணாமல் போனது.

இப்படி வந்தால் வழிகாட்டி என்ன செய்ய வேண்டும்? எல்லோரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில், அவர் எழுதியதற்குக் கீழேயே, இது தவறு, காரணம் இது என்று எழுத வேண்டும். அதுதான் அங்கே முறை. திலகா எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், அழித்தாள். உலகமே படிக்கிற இடத்தில் மாமாவைத் தவறு என்பதா? நாளைக்கு அத்தை முகத்தில் எப்படி விழிப்பது? கடைசியில் அவளே நான்கைந்து வரிகள் எழுதிப் பூஜ்யத்தைக் காப்பாற்றி, மாமா எழுதியதோடு கலந்து, மாமா பெயரிலேயே உள்ளே சேர்த்துவிட்டாள். பக்கத்தில் பச்சை அடையாளம் விழுந்தது. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். கூழைக் காய்ச்சி இறக்கியாயிற்று.

அந்த மென்பொருள் எழுதுகிறவர்களின் ஊரில் அதற்குப் பெயர் மரியாதை இல்லை என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒருவர் எழுதியதை இன்னொருவர் பெயரில் போடுவது அங்கே பெரிய குற்றம். தெரிந்துதான் செய்தாள்.

பாதி மதிப்பீடு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குள் போக வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை இலோனாவிடமிருந்து கடிதம் வந்தது. மாமாவுக்கும் திலகாவுக்கும் சேர்த்து. 'பூஜ்யத்தை நீங்கள் கையாண்ட விதம் மிக அழகு. என் பகுதியிலும் அதைப் பயன்படுத்த ஆசை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவோம். அந்த வரிகளை நீங்களே எனக்கு விளக்க வேண்டும்.'

வலப்பக்கச் சுவர் குதித்தது. இடப்பக்கச் சுவரில் ஒரு சத்தமும் இல்லை.

"குமுதா! வெளிநாட்டுக்காரி என் கோடிங்க விளக்கச் சொல்றா! ஞாயித்துக்கெழம நாலு மணி. கோயில் தலைவருக்குப் போன் போடு. பக்கத்து வீட்டுச் சின்னத்தாயையும் வரச் சொல்லு, இல்லன்னா சுவத்துல ஓட்ட போட்ருவா."

நான் ஒன்றும் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனாலும் போவதாக முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலமே திலகா மாமா வீட்டுக்கு வந்தாள். நான் குமுதாவிடம் கறிவேப்பிலை கேட்கப் போயிருந்தேன். மாமா தொலைக்காட்சிக்குப் பின்னால் குனிந்து, மடிக்கணினியிலிருந்து ஒரு வயரை இழுத்துச் சொருகிக்கொண்டிருந்தார். இலோனாவின் முகத்தை ஐம்பது அங்குலத்தில் பார்க்க வேண்டுமாம்.

"வாங்க டீச்சரம்மா! உங்க மானத்தக் காப்பாத்திட்டேன் பாத்தீங்களா?"

"மாமா, அந்தப் பூஜ்யம் விஷயம்..."

"அதுதான் ஒண்ணுமே புரியல. நான் பூஜ்யத்தப் பத்தி என்ன அழகாச் செஞ்சேன்? சும்மா அடிச்சு வுட்டேன். அதுதான் அழகோ என்னவோ. வெள்ளக்காரங்களுக்கு எளிமையா இருந்தாப் புடிக்கும் லா."

"இல்ல மாமா, நீங்க எழுதுனத ஒருவாட்டி தெறந்து பாருங்களேன்."

"நான் எழுதுனத நானே பாக்கணுமா? அத இங்க புடி." வயரின் மறுமுனையை அவள் கையில் கொடுத்தார்.

அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்தது, மூடியது. எங்கள் ஆற்று மீன்கள்கூட அதைவிட அதிகம் பேசும்.

சனிக்கிழமை கோயிலில் ஆடிப் பூஜை ஏற்பாடு. அங்கேயும் திலகாவால் மாமாவைத் தனியே பிடிக்க முடியவில்லை. குமுதாவைப் பிடித்தாள். கைகழுவும் குழாயடியில் இருவரும் பேசினார்கள். எனக்கும் அப்போது கை அழுக்காகியிருந்தது.

"அத்த, நாளைக்கு அவரால வெளக்க முடியாது. அவமானமாப் போயிரும்."

"ஏன் முடியாது? அவருதானே எழுதுனாரு?"

"அந்த எடத்த நான் எழுதுனேன்."

குமுதா குழாயை மூடினாள். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லத்தான் ரெண்டு நாளா அலையறேன். நீங்க சொல்றீங்களா?"

"நானா? பாவி, அந்த மனுசன் வேல போனதுலேர்ந்து வீட்டுல சிரிச்சதே இல்ல. நேத்திக்கு ராத்திரி கண்ணாடி முன்ன நின்னு இங்கிலீஷ் பேசிப் பாக்குறாரு. நான் எந்த வாயால சொல்லுவேன்? நீதானே மெண்டரு. நாளைக்கு நீயே எதுனா பேசிச் சமாளி."

"சமாளிச்சா அது பொய்யாயிரும் அத்த. செவ்வாக்கெழம நான் அவரு பாஸா பெயிலான்னு எழுதிக் கொடுக்கணும். பொய்ய வச்சு எழுதச் சொல்றீங்களா?"

"பெயிலுன்னு எழுதிட்டு இந்த வீட்டுக்குள்ள வந்துருவியா நீ?"

திலகா குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடி கழுவினாள். மைக்கில் மாமாவின் குரல் கேட்டது. ஏதோ ஒரு நேரத்தை அறிவித்துக்கொண்டிருந்தார். சரியோ தவறோ, எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஞாயிறு மதியம் மீன்பிடி ஊரான சுங்கை செம்பிலாங் போய்க் குமுதா நண்டு வாங்கி வந்து மிளகு போட்டுப் பிரட்டினாள். கோயில் தலைவர் காளியண்ணன் சலவை வேட்டியில் வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலம் 'குட் மார்னிங்'கோடு முடியும். எனக்கு அதற்கு மேல் கொஞ்சம் தெரியும், ஈராண்டு ஜெரம் கிளினிக்கில் கூட்டிப் பெருக்கியபோது காதில் விழுந்தது. திலகா கதவோரம் நின்றாள். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

நான்கு மணிக்கு இலோனா சுவர் அகலத்துக்குத் தோன்றினாள். ஐம்பது வயதிருக்கும். தலை வாரக்கூட நேரமில்லாத முகம். அவளுக்கு அங்கே காலைநேரம், கையில் காப்பிக் கோப்பை.

மாமா எழுந்து நின்றே பேசினார். மேற்பார்வையாளர் இங்கிலீஷ். நேராகப் போகும், வளையாது. இடப்பக்கம் இது, வலப்பக்கம் இது, பொதுவானதை அடி, மிச்சத்தைத் தீர். "ஃபினிஷ்," என்று கையைத் தட்டி முடித்தார். காளியண்ணனும் தட்டினார்.

இலோனா தலையசைத்தாள். "நன்று. பூஜ்யத்தை எப்படிப் பார்க்கிறீர்கள்?"

"ஸீரோ நோ நீட், மேடம்."

"மன்னிக்கவும்?"

"நோ நீட். ஹூ வாண்ட்ஸ் ஸீரோ?" மாமா சிரித்தார். குமுதாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, திலகாவைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

இலோனா கோப்பையை வைத்தாள். "ஆனால் நீங்கள் எழுதியதில் பூஜ்யத்தைத் தனியாக எடுத்துச் சோதிக்கிறீர்களே. அந்த வரிகளைப் பற்றித்தான் கேட்டேன்." முகம் மறைந்து அந்த வரிகள் திரை முழுக்க நின்றன.

மாமா கண்ணாடியை எடுத்து மாட்டினார். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்றார். தன் வரிகளில் இடத்துக்கு 'கிரி', வலத்துக்கு 'கானான்' என்று மலாயில் பெயர் வைக்கிற பழக்கம் அவருக்கு. தொழிற்சாலையில் பெல்ட்டின் இரு பக்கத்தை அப்படித்தான் சொல்வார்களாம். மேலே கிரியும் கானானும் இருந்தன. நடுவில் நான்கைந்து வரிகளில் இல்லை. வேறு பெயர்கள். கீழே மறுபடி கிரி, கானான்.

பழுதான சாமானை ஆயிரம் சாமானுக்கு நடுவில் கண்டுபிடித்துப் பழகிய கண். விரல் அந்த நடு வரிகளில் போய் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பித் திலகாவைப் பார்த்தார்.

குமுதா பதறி எழுந்து திரையைப் பார்த்து, "மேடம், யூ ஈட் கிராப்?" என்றாள். அந்த அம்மா என்ன செய்வாள் பாவம். "நான் சைவம்," என்றாள்.

மாமா 'ஆமாம், நான்தான் எழுதினேன், மறந்துவிட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். திலகா 'அவருக்குப் பதற்றம்' என்று சொல்லியிருக்கலாம். இருவரில் யார் முதலில் பொய் சொல்லப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த நண்டுக்காலைக் கடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

திலகா கதவை விட்டு நகர்ந்து திரைக்கு முன்னால் வந்தாள். "அந்த வரிகளை எழுதியது நான்," என்றாள் ஆங்கிலத்தில்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏன் அவர் பெயரில் சேர்த்தாய்?"

அங்கேதான் அவளுக்கு ஆங்கிலம் போதவில்லை. மாமா என்பதற்கு அந்த மொழியில் என்ன சொல்வது? "ஹீ இஸ் மை அங்கிள்," என்றாள்.

"எனக்கும் மாமா உண்டு," என்றாள் இலோனா. "அவர் தவறு செய்தால் தவறு என்று சொல்வேன்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு அவள் சொன்னது இவ்வளவுதான். அந்த வரிகளை இன்றே வெளியே எடு. மிச்சம் இருப்பது அவருடையது. செவ்வாய் ஆறு மணிக்குள் அவர் தானே அதைச் சரிசெய்தால் தேறினார், இல்லாவிட்டால் இல்லை. நீ உதவலாம், ஆனால் எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் மட்டும். மதிப்பீட்டை நீயே எழுது, நான் படிப்பேன். சாவியை மட்டும் இந்தப் பருவம் முடியும்வரை என்னிடம் கொடுத்துவிடு.

திரை இருண்டது.

"முடிஞ்சிச்சா?" என்றார் காளியண்ணன். "நல்லாப் பேசுனப்பா. அந்தம்மா அசந்து போயிருச்சு." நண்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். மாமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை பின் சந்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாமா பின் கதவைத் திறந்து வந்தார். கையில் கைப்பேசி. அதில் அவர் பெயரும் அதன் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும். திலகா தன் வரிகளை எடுத்துவிட்டிருந்தாள். அவளும் தன் வீட்டுப் பின்வாசலில் நின்றாள், வேலைக்குக் கிளம்பிய உடையோடு. இருவருக்கும் நடுவில் என் ஈரத்துணிகள்.

"இந்தச் செவப்பு எத்தன நாளா இருக்கு?"

"மொதல்லேர்ந்தே இருக்கணும் மாமா. நான்தான் மறைச்சேன்."

"தலைவரு முன்னாடி, பொண்டாட்டி முன்னாடி, இந்தச் சின்னத்தாய் முன்னாடி என்னைய நிக்க வச்சிட்டல்ல?"

"வெள்ளிக்கெழம சொல்ல வந்தேன். நீங்க வயரக் கொடுத்தீங்க."

"வயரக் கீழ போட்டுட்டுச் சொல்லியிருக்கணும் லா! தப்புன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? கத்தியிருப்பேன். ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். அதுக்குப் பயந்தவ எதுக்கு மெண்டரா வந்த?"

"உங்கள இதுவரைக்கும் யாரு மாமா தப்புன்னு சொல்லியிருக்கா? ஒரு ஆளச் சொல்லுங்க."

மாமா வாயைத் திறந்தார். எங்கெங்கோ தேடினார். என்னைக்கூடப் பார்த்தார். நான் ஒரு தலையணை உறையை மிகக் கவனமாக உதறினேன்.

"கூழு," என்றாள் திலகா. "போன ஆடில கூழு பத்து மணிக்கு. நீங்க ஒம்போதுன்னு சொன்னீங்க."

அவர் முகத்தில் நான் முன்பு பார்த்திராத ஒன்று வந்து போனது. "எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. திலகா காரை எடுத்துக்கொண்டு ரவாங் போனாள். போவதற்கு முன் பொதுப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தாள். மாமா உள்ளே உரக்கப் படித்ததால் எனக்கும் கிடைத்தது. இது தவறு. நீங்கள் அடிக்கும் உறுப்பு பூஜ்யமாக இருக்கக்கூடும். அப்போது ஒரு விடையை இழக்கிறீர்கள். பெயர் போடாமல், மாமா என்று போடாமல், தயவுசெய்து என்றுகூடப் போடாமல்.

"எப்படி எழுதியிருக்கா பாரு," என்றார் குமுதாவிடம்.

"சரியாத்தான எழுதியிருக்கா?" என்று குமுதாவின் குரல். அதற்குப் பிறகு வெகுநேரம் தட்டும் சத்தம்தான்.

திங்கள் மாலைக்குள் ஒரு திருத்தம் போட்டார். எல்லா விடையோடும் பூஜ்யத்தைச் சேர்த்துவிடுவது. திலகா வீட்டுக்கு வந்ததும் பார்த்துக் கீழே எழுதினாள். இதுவும் தவறு. பூஜ்யம் விடையாகாத சமன்பாடுகளுக்கும் பூஜ்யம் வருகிறது. முன்பு ஒரு விடை குறைந்தது, இப்போது ஒரு பொய் விடை கூடுகிறது. வலப்பக்கச் சுவரில் ஏதோ மோதி விழுந்தது. புத்தகமாக இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை திலகா வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். வேலை எங்கே ஓடும்? பகலில் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். தேநீர் கொடுத்தேன், ஆறிப்போனது. சுவருக்கு அந்தப் பக்கம் மாமா தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார். "இத அடிச்சா... இல்ல. அடிக்காம இதக் கொண்டு போனா..."

"எவ்வளவு பக்கத்துல இருக்காரு தெரியுமாக்கா? ஒரு வரி. ஒரே ஒரு வரி."

"போயிச் சொல்லேன். இங்கேர்ந்து கத்துனாலே கேக்கும்."

"முடியாது. பொதுப் பக்கத்துல கேட்டாத்தான் சொல்லலாம்."

சுவரில் தட்டினார்கள். "சின்னத்தாய்! அவ அங்கதான இருக்கா? மணி மூணாச்சு. ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. பூஜ்யமா இல்லியான்னு கம்ப்யூட்டருக்கே தெரியலன்னா என்ன பண்றது?"

நான் திலகாவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டாள். உதட்டில் பதில் நின்றது, பார்க்க முடிந்தது. "பொதுப் பக்கத்துல எழுதச் சொல்லுங்கக்கா," என்றாள்.

"பக்கத்துல எழுதணுமாம்!"

"பக்கத்துல எழுதுனா ஒலகமே பாக்கும்! இது தெரியாதான்னு கேப்பானுங்க!"

"கேக்கட்டுமாம்!" இதை அவள் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன்.

சுவருக்கு அப்பால் நாற்காலி இழுபட்டது. பிறகு திலகாவின் கைப்பேசி ஒளிர்ந்தது. எழுதிவிட்டார். எழுத்துப் பிழையோடு, கோயில் செயலாளர் லிங்கேஸ்வரன், உலகம் பார்க்க, தனக்குத் தெரியாது என்று எழுதிவிட்டார்.

திலகா பதிலை விடையாகக் கொடுக்கவில்லை. கேள்வியாக எழுதினாள். 'உங்கள் தொழிற்சாலையில் ஒரு சாமான் பழுதா இல்லையா என்று தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?'

வலப்பக்கத்தில் மறுபடி தட்டும் சத்தம் ஆரம்பித்தது. மணி நான்கு ஆனது. நான்கரை ஆனது. திலகா எழுந்து நடந்தாள். உட்கார்ந்தாள். ஐந்தும் ஆகிவிட்டது. குமுதா வாசல் வழியாக வந்து, "சாப்பிடக்கூட இல்லடி மனுசன்," என்று சொல்லிவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்து, வந்த வழியே திரும்பினாள்.

ஐந்தரை தாண்டித்தான் வந்தது. திலகா தன் மடிக்கணினியை என் அடுப்பு மேடையில் திறந்து வைத்தாள். சிறிய மஞ்சள் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. சோதனைகள் ஓடுகின்றன என்றாள். தீபாராதனைக்குக் காத்திருப்பதுபோல இருவரும் நின்றோம். ஒரு பச்சை. இன்னொரு பச்சை. அடுத்தது நின்று நிதானித்து, அதுவும் பச்சை. கடைசி வரைக்கும் சிவப்பு விழவில்லை.

அவள் வாசித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னடி, சரியில்லியா?"

"சரிதான். ஆனா அழகா இல்ல. சந்தேகம்னா அடிக்காம ஒதுக்கி வச்சிட்டாரு. ஒதுக்குனதப் பழைய வழியிலேயே மெதுவாத் தீக்கச் சொல்லிட்டாரு. வேகம் பாதிதான். என்னுது இதவிட நல்லா இருந்துச்சு." சற்று நிறுத்தி, "ஆனா இது அவரோடது," என்றாள்.

அங்கேயே, என் அடுப்பு மேடையில் கையை ஊன்றி, மதிப்பீட்டை எழுதினாள். அதில் தன்னைப் பற்றியும் எழுதினாள். மாணவரின் தவறை மறைத்தேன், அதனால் அவர் ஒரு மாதம் இழந்தார் என்று. பிறகு அவர் செய்ததில் உள்ள குறைகளை. குறைகள் நிறைய இருந்தன, எழுதிக்கொண்டே போனாள். ஆறு அடிக்கச் சற்று முன்பு, கடைசிக் கேள்விக்குத் 'தேறினார்' என்று போட்டு அனுப்பினாள். சிறிது நேரத்தில் இலோனாவிடமிருந்து ஒரு வரி வந்தது. சம்மதம். சாவி பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. பருவம் முடியும்வரை அது வராது என்று திலகாவுக்கும் தெரியும்.

அவளோடு நானும் வலப்பக்கம் போனேன். பாத்திரம் ஒன்று திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

மாமா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினிக்கு முன் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். குமுதா அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். "பாஸ்," என்றாள் திலகா. குமுதா கரண்டியோடு கும்பிட்டாள்.

மாமா சிரிக்கவில்லை. "படிச்சேன். என்னடி இது, ஒரு பக்கத்துக்குக் கொற எழுதி வச்சிருக்க? பாஸாப் போனவனுக்கா இவ்வளவு?"

"இருக்கறதத்தான் எழுதுனேன்."

"சரி, வேகம் கொறையுது, ஒத்துக்கறேன். பேரு மலாய்ல வச்சிட்டேன், மாத்திக்கறேன். ஆனா இது?" திரையில் விரலை வைத்தார். "இந்த எடத்துல நான் செஞ்சது ரைட்டு. இத மட்டும் எடுத்துரு. எனக்கு நல்லாத் தெரியும், இது ரைட்டு."

குமுதா கரண்டியை நிறுத்தினாள். நானும் பாத்திரத்தை வைக்காமல் நின்றேன். இந்த வீட்டில், இந்த மனுஷன், இந்தக் குரலில் 'ரைட்டு' என்று சொன்னால் அதற்குப் பிறகு பேச்சு கிடையாது.

திலகா குனிந்து அந்த இடத்தைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"இல்ல மாமா," என்றாள். "அது தப்பு."

மாமா அவளையே பார்த்தார். தாடை இறுகியது. இதோ கத்தப்போகிறார் என்று குமுதா அடுப்பை அணைத்தாள். அவர் காலால் பக்கத்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"ஏன் தப்பு?"